‘எஸ்’ என்பதா, ‘நோ’ என்பதா?

இரவு பதினோரு மணி. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. ஆறு வயதுப் பையனுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் தாய். அன்றைய இரவு முறை டாக்டர் வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. பையனைத் தொட்டுப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார்: “ஹாவன்ட் யூ கிவன் ஹிம் எனி மெடிசின்?”

மருந்து ஒன்றும் கொடுக்கவில்லையா என்று கேட்கிறார். கேள்வி அவளுக்கு நன்றாகவே புரிந்தது. வீட்டில் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது; கொடுக்கவில்லை. ஆகவே தயங்காமல் பதில் சொன்னாள்: “எஸ், டாக்டர்.”

டாக்டர் தலையை அசைத்தார், சீட்டில் ஏதோ எழுதினார், போய்விட்டார். காய்ச்சல் மருந்து ஒரு வேளை உள்ளே போயிருக்கிறது, அடுத்த வேளைக்குச் சில மணி நேரம் போகட்டும் என்று அவர் கணக்கு. மருந்து வரும், வரும் என்று இவள் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நள்ளிரவு தாண்டி, நம்மூர் நர்ஸ் ஒருத்தி வந்து, “எத்தனை மணிக்கும்மா மருந்து கொடுத்தீங்க?” என்று தமிழில் கேட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது!

நல்லவேளை, விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. பையன் இட்லி கேட்டான். ஆனால் தாயின் மனத்தில் ஏறிய காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் மாலை என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருப்பவள். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். கணவருக்கு வடக்கே வேலை.

“நான் பொய் சொல்லலையே, டீச்சர்! ‘கொடுக்கலையா’ன்னு கேட்டாரு. ‘ஆமா’ன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?” என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால், அவள் சொன்னதில் தப்பே இல்லை. தமிழ் இலக்கணப்படி அது அப்பழுக்கில்லாத பதில்!

கேள்விக்குப் பதிலா, உண்மைக்குப் பதிலா?

“நீ சாப்பிடவில்லையா?” என்று யாராவது கேட்டால், சாப்பிடாதவள் என்ன சொல்வாள்? “ஆமாம், சாப்பிடவில்லை” என்பாள். நீங்கள் சொன்னது சரி என்று கேட்டவரின் வார்த்தையை ஒப்புக்கொள்கிறோம். ஜப்பானியரும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். அது ஒரு வகை மரியாதை என்றுகூடச் சொல்லலாம்.

இங்கிலீஷுக்கு அந்த மரியாதை கிடையாது. கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நடந்தது என்ன என்பதுதான் அதற்கு வேண்டும். கொடுத்திருந்தால் ‘எஸ்’; கொடுக்கவில்லை என்றால் ‘நோ’. “கொடுத்தாயா?” என்று கேட்டாலும் அதே பதில், “கொடுக்கவில்லையா?” என்று கேட்டாலும் அதே பதில்.

இதற்கு ஒரு சுலபமான தற்காப்பு உண்டு. ‘எஸ்’, ‘நோ’ என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். கூடவே வாலையும் சேர்த்துவிடுங்கள். “நோ, ஐ ஹாவன்ட்”, “எஸ், ஐ ஹாவ்”, “நோ, ஹீ டிடின்ட்”. அதுவும் வரவில்லையா? “நோ மெடிசின் கிவன்” என்று கொச்சையாகவாவது சொல்லிவிடுங்கள். இலக்கணம் கொஞ்சம் காலை நொண்டினாலும் விஷயம் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

இதைச் சொல்லி அவளை அனுப்பினேன். இரண்டு நாளில் அவள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது திங்கள், புதன், வெள்ளி மாலை மூன்று மணிக்கு, அடுப்படி வேலை ஓய்ந்த பிறகு, என் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுகிறோம். கரும்பலகை கிடையாது, பரீட்சை கிடையாது. அவரவர் சந்தேகத்தை அவரவர் கொண்டுவர வேண்டும். அது ஒன்றுதான் விதி.

குற்றம் காணும் ஊர்

இலக்கணச் சண்டைக்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் ஏது? சொக்கநாதரின் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரரைப் பற்றிக் கதை சொல்லும் ஊர் இது. அவர் விழுந்ததாகச் சொல்லும் பொற்றாமரைக் குளம் இன்னும் மீனாட்சி கோயிலுக்குள் இருக்கிறது. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதும் இங்கேதான்.

அதே மதுரைக்கு 1606-ல் இத்தாலியிலிருந்து ஒரு பாதிரியார் வந்தார். பெயர் ராபர்ட் டி நொபிலி. வந்தவர் தமிழ் படித்தார். தமிழிலேயே உரைநடை நூல்கள் எழுதினார். அவருக்குப் பின் மதுரை மிஷனில் சேர்ந்த மற்றோர் இத்தாலியரை நமக்கெல்லாம் தெரியும்: வீரமாமுனிவர். தம்மைப்போலத் தமிழ் கற்க வந்த பாதிரிமாருக்கு உதவியாக, நாம் வீட்டிலும் தெருவிலும் பேசும் தமிழுக்கே லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார் அவர். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று.

பிறகு காற்று திசை மாறிற்று. நாம் இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்தோம். 1881-ல் பசுமலையில் தொடங்கிய கல்லூரி பின்னர் மதுரைக்குள் வந்து அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது. 1948-ல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் லேடி டோக் கல்லூரியை ஆரம்பித்தார். மதுரைப் பெண்களுக்கு ஊரிலேயே கல்லூரி கிடைத்தது. 1953-ல் பாத்திமா கல்லூரி வந்தது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பிற பாஷை படிப்பவன் தடுக்கி விழுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. நம்முடைய ல, ள, ழ மூன்றையும் நாக்கில் ஏற்ற அந்த இத்தாலியர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! அவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளவில்லை. நாம் மட்டும் ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

பாட்டி கதையில் ஓர் இலக்கணம்

முதல் நாள் வந்த முதல் சந்தேகம்: “‘எ’ போடுவதா, ‘அன்’ போடுவதா? இதோடு ‘தி’ வேறு! தமிழில் இந்தத் தொல்லையே இல்லையே?”

இல்லாமலா? “ஒரு வீடு” என்கிறோம். “ஓர் ஊர்” என்று எழுதுகிறோம். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, மற்றவற்றுக்கு முன்னால் ‘ஒரு’. இங்கிலீஷிலும் அதேதான். உயிரோசைக்கு முன்னால் ‘அன்’, மற்றதற்கு ‘எ’. ‘அன் ஆப்பிள்’, ‘எ மாங்கோ’.

பார்க்க வேண்டியது ஓசையை. இங்கிலீஷ் எழுத்தை அல்ல. இங்கேதான் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். ‘யூனிவர்சிட்டி’ என்று எழுதினால் முதலில் ‘யூ’ நிற்கிறது, அது உயிரல்ல, ஆகவே ‘எ யூனிவர்சிட்டி’. ஒரு மணி நேரத்துக்கு ‘அவர்’ என்கிறோம்; முதலில் ‘அ’; ஆகவே ‘அன் அவர்’. ‘பி.ஏ.’ படித்தவள் ‘எ பி.ஏ.’, ‘எம்.ஏ.’ படித்தவள் ‘அன் எம்.ஏ.’. ஒரே ஓர் எச்சரிக்கை: ‘ஒன்’ என்ற எண்ணை நாம் ‘ஒ’ போட்டு எழுதினாலும் அதன் ஓசை ‘வ’கரம்தான். ‘எ ஒன்-ருபீ காயின்’ என்பதே சரி.

‘தி’ எப்போது? நம் பாட்டிமார் அதை எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு ஒரு பொண்ணு இருந்தா. அந்தப் பொண்ணு…” கவனித்தீர்களா? முதல் தடவை வரும்போது ‘ஒரு’. அறிமுகமாகிவிட்ட பிறகு ‘அந்த’. இங்கிலீஷிலும் ராஜா முதலில் வரும்போது ‘எ கிங்’. மறுபடி வரும்போது ‘தி கிங்’. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இன்னது என்று தெரிந்துவிட்டால் ‘தி’. உலகுக்கே ஒன்றாய் இருக்கும் சூரியனுக்கும் ‘தி’ உண்டு. நதிகளுக்கு உண்டு, ஊர்களுக்கு இல்லை. ஆகவே ‘தி வைகை’; ஆனால் வெறும் ‘மதுரை’.

மகன் சிரித்தான்

அடுத்து வந்த சந்தேகம் வயிற்றெரிச்சலோடு வந்தது. “நேத்து நான் கடைக்குப் போகலைன்னு சொல்ல ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்றேன். எட்டாவது படிக்கிற மகன் சிரிக்கிறான், டீச்சர்! நேற்று நடந்ததுக்கு ‘வென்ட்’தானே?”

நான் கேட்டேன்: “‘போனேன்’ என்பதற்கு மறுப்பு என்ன?”

“போகவில்லை.”

“‘போனேன்வில்லை’ என்று சொல்வாயா?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ‘போகவில்லை’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘போக’ என்பதில் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. வினை வெறுமனே நிற்கிறது. இங்கிலீஷிலும் அப்படியே. ‘டிட்’ என்று ஒருவர் இறந்த காலத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். அதே சுமையைப் பின்னால் வருகிறவர் தலையிலும் ஏன் ஏற்ற வேண்டும்? ‘ஐ டிட் நாட் கோ’. கேள்வியிலும் அதே கதைதான்: ‘டிட் யூ கோ?’

அன்று இரவு அவள் மகனிடம், “டேய், ‘போனேன்வில்லை’ன்னு சொல்லக் கூடாது, தெரியுமா?” என்றாளாம். பையன் விழித்தானாம். ஒரு தடவையாவது அவன் விழிக்க வேண்டாமா?

இரண்டு தம்பிகளைச் சாப்பிட்டவள்

“ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்.” இதை நம் பக்கத்தில் கேளாத நாளில்லை. “இருக்கிறார்கள்” என்று தமிழில் சொல்வதால், நடந்துகொண்டே இருக்கிற காரியம்போல ‘இங்’ சேர்த்துவிடுகிறோம். ஆனால் ‘ஐ ஆம் ஹாவிங் காப்பி’ என்றால் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் பார்த்தால், இரண்டு தம்பிகளையும் டிபனாக உட்கொண்டிருக்கிறேன் என்றல்லவா ஆகிவிடும்! உறவும் உடைமையும் செய்கிற காரியமல்ல, இருக்கிற நிலை. ‘ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்’ போதும். ‘நோ’ என்றால் தெரிதல், ‘வான்ட்’ என்றால் வேண்டுதல், ‘லைக்’ என்றால் பிடித்தல். இவையும் ‘இங்’கை ஏற்பதில்லை.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் தமிழே காட்டிக்கொடுக்கும். “பத்து வருஷமாக” என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’: ‘ஃபார் டென் இயர்ஸ்’. “2015 முதல்” என்று ‘முதல்’ வந்தால் ‘சின்ஸ்’. ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பது இரண்டும் கெட்டான். ஆனால் ஒன்று: “பத்து வருஷமாக மதுரையில் இருக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதை, இங்கிலீஷில் ‘ஐ ஹாவ் லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’ என்று ‘ஹாவ்’ போட்டுச் சொல்ல வேண்டும். அன்று ஆரம்பித்து இன்றுவரை எட்டுகிற காலத்துக்கு இந்த ‘ஹாவ்’ ஒரு பாலம்.

எங்கள் திண்ணையில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் பிறந்த பேரனுக்குத் தமிழ் வராது. ஞாயிற்றுக்கிழமைதோறும் செல்போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். “‘சாப்பிட்டாயா கண்ணா’ன்னு கேட்கணும். அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடு. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்” என்றார் பாட்டி. இங்கிலாந்துக்காரர் ‘ஹாவ் யூ ஈட்டன்?’ என்பார், அமெரிக்கர் பெரும்பாலும் ‘டிட் யூ ஈட்?’ என்றே கேட்டுவிடுவார். பேரன் அமெரிக்கன் ஆயிற்றே. பாட்டிக்கு இரண்டாவதைக் கொடுத்தேன். ‘நேற்று’, ‘காலையில் எட்டு மணிக்கு’ என்று நேரம் குறித்துச் சொல்வதானால் ‘ஹாவ்’ வராது, எல்லாருக்கும் ‘டிட்’தான்.

அழகர் ஆற்றில் இறங்கும் நேரம்

‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ — இந்த மூன்றும் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. தமிழில் ஏழாம் வேற்றுமை என்று ஒன்றை வைத்துக்கொண்டு, ‘மதுரையில்’, ‘மேஜையில்’, ‘வாசலில்’ என்று எல்லாக் காரியத்தையும் முடித்துவிடுகிறோம். இங்கிலீஷ்காரர் அதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

சித்திரைத் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். அழகர் வைகையில் இறங்குவது சித்திரை மாதத்தில்: ‘இன்’. பௌர்ணமி நாளில்: ‘ஆன்’. விடியற்காலை இத்தனை மணிக்கு: ‘அட்’. பெரிய பாத்திரத்துக்கு ‘இன்’; நடுப் பாத்திரத்துக்கு ‘ஆன்’; சின்னக் கிண்ணத்துக்கு ‘அட்’. இடத்துக்கும் அநேகமாக இதே கணக்குதான். மதுரைக்குள்ளே ‘இன்’, மேஜையின் மேலே ‘ஆன்’, வாசற்படி என்று ஒரு புள்ளியைக் குறித்தால் ‘அட்’. தெருவுக்கு மட்டும் இங்கிலாந்துக்காரர் ‘இன்’ போடுவார், அமெரிக்கர் ‘ஆன்’ போடுவார். அவர்கள் சண்டை நமக்கு எதற்கு? இரண்டும் சரி.

இவற்றையெல்லாம் தேவையில்லாத இடத்தில் சேர்ப்பதும் உண்டு. “அதைப் பற்றிப் பேசினோம்” என்ற நினைப்பில் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்கிறோம். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது. “மதுரைக்கு வந்து சேர்ந்தேன்” என்பதால் ‘ரீச்ட் டு மதுரை’ என்கிறோம். ‘ரீச்ட் மதுரை’ என்றாலே வந்து சேர்ந்துவிடலாம். விளக்கைப் ‘போடு’ என்பதால் ‘புட் தி லைட்’ என்கிறோம். அவர்கள் ‘ஸ்விட்ச் ஆன்’ என்பார்கள்.

‘இஸ்கூலு’க்கு ஒரு வக்காலத்து

“எங்கம்மா ‘இஸ்கூலு’ன்னு சொல்றாங்கன்னு என் மக ஃபிரண்ட்ஸ்கிட்டச் சொல்லிச் சிரிக்கிறா” என்றாள் ஒருத்தி. கேலிதான், ஆனால் தாய்க்கு அது முள்.

பவணந்தி முனிவர் நன்னூல் எழுதிச் சுமார் எண்ணூறு வருஷம் ஆகிறது. எந்தெந்த எழுத்து ஒரு சொல்லின் முதலில் வரலாம், எது கடைசியில் வரலாம் என்று அதில் கணக்கு உண்டு. ‘லக்ஷ்மணன்’ தமிழுக்குள் வரும்போது ‘இலக்குவன்’ ஆனது அந்தக் கணக்கினால்தான். ஒற்றெழுத்து மொழிக்கு முதலில் நிற்காது. வல்லின ஒற்று இறுதியில் நிற்காது. நன்னூலைப் படிக்காத தாய், காதால் கேட்டே அந்த விதியைக் காப்பாற்றுகிறாள். முன்னால் ஓர் ‘இ’ வைக்கிறாள், பின்னால் ஓர் ‘உ’ வைக்கிறாள். ‘இஸ்டேஷன்’, ‘பேங்க்கு’, ‘பஸ்ஸு’ எல்லாம் பிறந்த கதை இதுதான்.

அதற்காக அப்படியே சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலீஷ் பேசும்போது ‘ஸ்கூல்’ என்றே பழகுங்கள். பாம்பைப்போல ‘ஸ்ஸ்’ என்று ஆரம்பித்து, அதோடு ‘கூல்’ சேர்த்தால் வந்துவிடும். ஆனால் வெட்கப்பட வேண்டாம். உங்கள் நாக்கு படிக்காத நாக்கல்ல. தமிழ் படித்த நாக்கு!

‘ஹீ’, ‘ஷீ’ மாறிப்போவதும் அப்படித்தான். மாமனாரையும் ‘அவர்’ என்கிறோம். மரியாதைக்குரிய அம்மாளையும் ‘அவர்’ என்கிறோம். தமிழில் மரியாதை வந்தால் ஆண் பெண் வேற்றுமை மறைந்துவிடுகிறது. இங்கிலீஷில் மரியாதைக்குத் தனிச் சொல் இல்லை. கலெக்டரும் ‘ஹீ’, காய்கறிக்காரரும் ‘ஹீ’. நம் பக்கத்திலும் அவர்களைத் திணற அடிக்கிற சங்கதி உண்டு. ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே ‘வீ’தான். “நாம் சாப்பிடலாம்” என்றால் விருந்தாளிக்கும் இலை உண்டு. “நாங்கள் சாப்பிடுகிறோம்” என்றால் இல்லை. எவ்வளவு பெரிய வித்தியாசம்!

எத்தனையாவது?

இங்கிலீஷ் வாத்தியார்களை மடக்கத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். “நீ உன் அப்பாவுக்கு எத்தனையாவது பிள்ளை?” இதை இங்கிலீஷில் சொல்லுங்கள் பார்க்கலாம்! எங்கள் திண்ணையிலும் அது வந்தே தீர்ந்தது.

உள்ளதைச் சொல்லிவிட்டேன்: ‘எத்தனையாவது’ என்பதற்கு இங்கிலீஷில் வழக்கமான ஒற்றைச் சொல் கிடையாது. சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். ‘ஆர் யூ தி எல்டஸ்ட்?’ என்று மூத்தவளா எனக் கேட்கலாம். பிரதம மந்திரி என்றால், ‘ஹௌ மெனி பிரைம் மினிஸ்டர்ஸ் கேம் பிஃபோர் ஹிம்?’ என்று கேட்டு, வந்த விடையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். எல்லாச் செல்வமும் ஒரே வீட்டில் இருப்பதில்லை.

எதைத் திருத்துவது, எதை விடுவது?

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் ஆசிரியை புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, ‘திஸ் இஸ் எ புக்’ என்பார். வகுப்பே திருப்பிச் சொல்லும். 1959-ல் சென்னை ராஜ்யத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சுமார் 27,000 பேருக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி தரும் திட்டம் ஒன்று தொடங்கியது. சிலர் கற்று, அவர்கள் பலருக்குக் கற்பித்து, உருள உருளப் பெருக்கும் ஏற்பாடு. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ — சென்னைப் பனிப்பந்து! பனியே விழாத ஊருக்கு அப்படி ஒரு பெயர். விதியை உருப்போடுவதைவிட, வாக்கியத்தை வாயாரச் சொல்லிப் பழகுவதே மேல் என்பது அதன் கொள்கை. அது இன்றைக்கும் நல்ல யோசனைதான்.

விதி வேண்டும் என்பவர்களுக்கு ‘ரென் அண்டு மார்ட்டின்’ இருக்கவே இருக்கிறது. அந்த ரென் துரை பம்பாய்ப் பக்கம் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிப் புகழ் பெற்றவரும் அவரே. இலக்கணம் எழுதுகிறவர்கள் எல்லாம் உம்மணாமூஞ்சிகள் என்று நினைக்காதீர்கள்.

நம்முடைய இங்கிலீஷ் பிரயோகங்களில் சிலவற்றைத் திருத்த வேண்டும், சிலவற்றை விட்டுவிடலாம். அர்த்தம் மாறிப்போகுமா என்பதுதான் உரைகல். ‘மை சன் பாஸ்ட் அவுட்’ என்று சந்தோஷமாகச் சொன்னால், கேட்கும் வெள்ளைக்காரர் பையன் மூர்ச்சையாகிவிட்டான் என்று பதறிப்போவார், இதைத் திருத்துங்கள். ‘எஸ்’, ‘நோ’ பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு நாம் சொல்லும் ‘பிரிபோன்’ என்ற சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியே ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆகவும், சுருட்டு ‘செரூட்’ ஆகவும், மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆகவும் அந்த அகராதியில் என்றோ குடியேறிவிட்டன. 2016-ல் அதில் இடம் பிடித்த சொல் எது தெரியுமா? ‘ஐயோ’! ஆகவே இனி இங்கிலீஷ் பேசும்போது தடுக்கி விழுந்தால், தாராளமாக ‘ஐயோ’ என்று இங்கிலீஷிலேயே சொல்லலாம்.

போன மாதம் வாடிப்பட்டிக்காரி தடுப்பூசிக்காக மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தாள். வேறோர் ஆஸ்பத்திரி, வேறொரு டாக்டர். “ஹீ இஸ்ன்ட் அலர்ஜிக் டு எனி மெடிசின்?” என்று கேட்டாராம். எந்த மருந்தும் ஒவ்வாமல் போவதில்லையே என்று கேள்வி. ‘எஸ்’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டதாம். முழுங்கிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, “நோ, டாக்டர். ஹீ இஸ் நாட்” என்றாளாம்.

“அவரு எழுதிக்கிட்டாரு, டீச்சர். சரியா எழுதினாரான்னு எட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்” என்றாள்.

மணி ஐந்தாகிவிட்டது. தெருவில் மல்லிகைக்காரி குரல் கேட்டது. அவரவர் அடுப்பு அவரவரை அழைத்தது. எல்லாரும் எழுந்தார்கள். வாசற்படி தாண்டுமுன் அவள் திரும்பி, “ஐ வில் கோ அண்டு கம், டீச்சர்” என்றாள்.

‘போயிட்டு வர்றேன்’ என்பதன் நேர்த் தமிழாக்கம். இல்லை, நேர் இங்கிலீஷாக்கம்! முப்பது வருஷப் பழக்கத்தில் திருத்துவதற்கு வாய் திறந்துவிட்டேன். பிறகு மூடிக்கொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தி, வெறுமே ‘போகிறேன்’ என்று சொல்லச் சொல்வதா?

“கோ அண்டு கம்” என்றேன்.